குணசுந்தரி ஏலத்தில் எடுத்த குட்டைத் தென்னை

ஏலம் நடக்கிற இடத்தைக் குணசுந்தரியால் சும்மா கடந்துபோக முடியாது. காசிமேட்டுக் கரையில் அவள் கேட்ட விலைக்கு மேலே கேட்க ஆண் வியாபாரிகளே தயங்குவார்கள். தொண்டை அப்படி. கண் அதைவிட மோசம். எதிரில் நிற்பவன் இன்னும் ஏறுவானா, இறங்கிவிடுவானா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். எண்ணூர் முகத்துவாரக் குப்பத்தில் பிறந்து, அதே குப்பத்தில் கட்டுமரம் ஓட்டுகிற கருணாகரனைக் கட்டிக்கொண்டு, தினமும் காசிமேட்டில் மீன் எடுத்து, ராயபுரம் ஸ்டேஷனுக்கு எதிரே கூறு போட்டு விற்றுக்கொண்டிருந்தவள். அப்போது அவளுக்கு முப்பதைத் தாண்டிச் சில வருஷங்கள் ஆகியிருக்கும்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், கூடை காலியாகி ரயிலேறப் போனவளின் காதில் கூட்ஸ் ஷெட் பக்கமிருந்து ஒரு குரல் விழுந்தது.

"ஒரு தரம்!"

அவ்வளவுதான். கால் தானாகவே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

வாங்கிக்கொள்ள ஆள் வராமல் கிடந்த சரக்கை ரயில்வேக்காரர்கள் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். சுயம்பு என்கிற ஏலக்காரர் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று, வாய் தைத்த கோணி மூட்டைகள் நான்கைக் காட்டி, "மலையாளத்துத் தேங்கா! அப்படியே மொத்தமா!" என்று கூவிக்கொண்டிருந்தார். வண்ணாரப்பேட்டையில் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த ராமசுப்பு முன்னால் நின்று, தனக்குத்தான் என்கிற தைரியத்தில் மீசையைத் தடவியபடி விலை கேட்டார். குணசுந்தரி கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அதற்கு மேலே ஒன்று கேட்டாள்.

ராமசுப்பு திரும்பிப் பார்த்தார். தலையில் சும்மாடு, இடுப்பில் காலிக் கூடை, மீன் வாடையோடு ஒரு பொம்பளை. அவருக்கு அது பொறுக்கவில்லை. ஏற்றினார். இவளும் ஏற்றினாள். அவர் மறுபடியும் ஏற்றினார். தேங்காய் தனக்கு எதற்கு என்று அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எதிரே ஒருவன் ஏறுகிறான், அவனை இறக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அவர் குரலில் கொஞ்சம் சுருதி இறங்கியது அவளுக்குக் கேட்டது. அந்த இடத்தில் ஒரே தூக்காகத் தூக்கிக் கேட்டாள். ராமசுப்பு வாயை மூடிக்கொண்டார்.

"மூணு தரம்!" என்றார் சுயம்பு.

மூட்டையைப் பிரித்தபோது ஷெட்டே சிரித்தது. கொப்பரைக்கு ஆகாத சின்னச் சின்ன நெற்றுகள். ஒவ்வொன்றின் தலையிலும் விரல் நீளத்துக்கு வெளுத்த முளை. மூட்டைக்குள் அமுங்கி வளைந்து கிடந்தன. ராமசுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒடைச்சு உள்ளே இருக்கிற பூவைத் தின்னும்மா. ருசியா இருக்கும்!"

ஷெட்டில் குமாஸ்தாவாக இருந்த யேசுதாஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவர் குணசுந்தரியிடம் வாடிக்கையாகச் சங்கரா மீன் வாங்குகிறவர். மூட்டையில் கட்டியிருந்த தகர அட்டையைத் துடைத்துவிட்டுப் படித்தார்.

"தோ பாரு குணசுந்தரி, இது சமைக்கற தேங்கா இல்ல. வெதைத் தேங்கா. சாவக்காட்டுக் குட்டைன்னு போட்டுகீது. எங்க மாமியாரு ஊருல கீது இந்த ஜாதி. ஆளு ஒசரம்கூட வளர்றதுக்குள்ள காய்ச்சுடும். மூணு, நாலு வருசம் போதும்."

"ஆளு ஒசரத்துலயா? அப்ப மரம் ஏற ஆளு வேணாமா?"

"இன்னாத்துக்கு ஆளு? நின்னுகினே பறிக்கலாம்."

குணசுந்தரிக்கு உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. குப்பத்தில் வலை இழுக்க நூறு பேர் இருந்தார்கள், தென்னை ஏற ஒருவன் கிடையாது. கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி, நடுவில் அவள் அப்பன் அவளுக்கென்று விட்டுப்போன ஒரு நீளத் துண்டு மணல். அதில் தாழம்புதரையும் அடம்பங்கொடியையும் தவிர இதுவரை எதுவும் முளைத்ததில்லை. அங்கே வரிசையாகத் தென்னை. கைக்கெட்டும் உயரத்தில் குலை குலையாக. அவள் கண்ணுக்கு அது அப்போதே தெரிந்துவிட்டது.

ராமசுப்பு பக்கம் திரும்பி, "பூவைத் துன்னச் சொன்னியே நைனா, இளநியே தரேன் இரு!" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்க ஆள் தேடினாள்.

பாசஞ்சர் வண்டியில் நாலு மூட்டையோடு வந்து இறங்கியவளைப் பார்த்துக் கருணாகரன் கிட்டே வந்தான். அவன் எப்போதுமே அதிகம் பேசாத ஆள். ஒரு நெற்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னாமே இது, மொளைச்சுகினு கீது?"

"நடறதுக்குத்தான் வாங்கியாந்தேன்யா."

"மணல்லயா?"

"மணல்லதான்."

அவன் மறுநாள் கடலுக்குப் போகாமல் மண்வெட்டி எடுத்தான். அதுதான் கருணாகரன். வாயால் ஒத்துக்கொள்ள மாட்டான், கையால் ஒத்துக்கொள்வான். மணலில் குழி வெட்டுவது தண்ணீரில் குழி வெட்டுகிற மாதிரி. வெட்ட வெட்டச் சரிந்தது. யேசுதாஸ் சொல்லியனுப்பியபடி குழியின் அடியில் தேங்காய் மட்டையைக் கவிழ்த்து அடுக்கி, மேலே மணல் போட்டு, நெற்றை வைத்தார்கள். வளைந்து வந்த முளையெல்லாம் வெயில் பட்டதும் இரண்டே வாரத்தில் நிமிர்ந்து, பச்சை பிடித்து, சின்ன வாள் மாதிரி நின்றது. குணசுந்தரி மீன் விற்கிற இடத்தில் யார் மீன் விலை கேட்டாலும் முதலில் தென்னங்கன்றைப் பற்றித்தான் சொன்னாள்.

அங்கேதான் தாமஸ் வந்தார். எண்ணூரில் ஓர் உரத் தொழிற்சாலையில் மூட்டை பிடிக்கிற பிரிவுக்கு மேஸ்திரி. கத்திவாக்கத்தில் வீடு. மூட்டை அனுப்புகிற வேலையாக அடிக்கடி ராயபுரம் வருவதில், ரயிலில் பல வருஷப் பழக்கம்.

"தாமஸண்ணே, கன்னு நல்லா ஜோரா வர்றதுக்கு இன்னா போடணும்?"

"போடலாம். தழைக்கு ஒண்ணு, வேருக்கு ஒண்ணு, காய்க்கு ஒண்ணுன்னு கீது. ஆனா இப்ப வேணாம். வேரு புடிக்கட்டும். ஒரு மூணு மாசம் பொறு."

மூணு மாசமா? ஏலத்தில் மூணு தரம் சொல்வதற்கே அவளுக்குப் பொறுமை கிடையாது. 'போடலாம்' என்கிற வரைக்கும்தான் அவள் காதில் விழுந்தது. திருவொற்றியூர்க் கடையில் போய், சர்க்கரை மாதிரி வெளுப்பாக இருந்த சீமை உரத்தில் ஒரு மூட்டை வாங்கிவந்தாள். ஒரு நல்ல வெயில் நாளில், ஒவ்வொரு கன்றுக்கும் அடித்தண்டை ஒட்டிக் கை நிறைய அள்ளி அள்ளி வைத்தாள். அது போதாதென்று காசிமேட்டிலிருந்து கொண்டுவந்த மீன் குடலையும் செதிலையும் மேலே கொட்டி மூடினாள்.

"உப்பு மாரி கீதே, இது இம்மாம் போடலாமா?" என்றான் கருணாகரன்.

"நல்லா சாப்புட்டாத்தான்யா நல்லா வளரும்."

முதலில் நாய்கள் வந்தன. அடுத்து காக்கைகள். குப்பத்து நாயெல்லாம் சேர்ந்து மீன் குடலுக்காகக் கன்றுகளின் காலடியைத் தோண்டிப்போட்டன. அவள் கல்லெடுத்து நாய் விரட்டியே களைத்தாள். அந்த வாரம் முடிவதற்குள் இலையின் நுனி பழுத்தது. பழுத்தது கருகியது. அடுப்பில் காட்டி எடுத்த மாதிரி ஓரமெல்லாம் சுருண்டு பழுப்பாகி நின்றன கன்றுகள். வரிசை வரிசையாக.

குணசுந்தரி மணலில் உட்கார்ந்து அழுதாள். மீன் எடுக்கவும் போகவில்லை. ஸ்டேஷன் எதிரில் அவள் இடம் காலியாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, என்னவோ ஏதோ என்று தாமஸ் அடுத்த நாள் குப்பத்துக்கே வந்துவிட்டார்.

"நீதான் போடலாம்னு சொன்ன! நீதான் சொன்ன!" என்று அவள் எழுந்து அவர் மேல் பாய்ந்தாள்.

தாமஸ் குனிந்து, ஒரு கன்றின் அடியில் விரலைவிட்டுக் கிளறினார். கரையாத உரம் வெள்ளை வெள்ளையாக வந்தது. "அய்யய்யோ, ஒரு வருசத்துச் சோத்தை ஒரே வாயில திணிச்சுகீறியே! அதுவும் வேரு மேலயே. வெந்துபூடாது?" என்றார். பிறகு நடுக்குருத்தை மெல்ல விலக்கிப் பார்த்தார். அடுத்த கன்றில் பார்த்தார். அதற்கடுத்த கன்றில் பார்த்தார். சட்டென்று நிமிர்ந்தார்.

"குருத்து பச்சையாத்தான் கீது! சாவல! ஏம்மா, இங்க நல்ல தண்ணி எங்க கீது? ஜல்தி சொல்லு!"

மணலில் இரண்டு முழம் தோண்டினால் குப்பத்தில் நல்ல தண்ணீர் ஊறும். கருணாகரன் கரைப்பக்கம் ஓடினான். அவன் சத்தம் போட்டு அன்றுதான் குப்பம் கேட்டது. அப்போதுதான் கட்டுமரத்தைக் கரையேற்றியிருந்தவர்கள் வலையை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். அவன் அக்கா புஷ்பவல்லி பக்கத்து வீட்டுப் பெண்களையெல்லாம் குடத்தோடு இழுத்துக்கொண்டு வந்தாள். ஆண்கள் கன்றுகளைச் சுற்றி இருந்த உரமணலைத் தகரத்தால் வழித்து எடுத்துத் தூரக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். புது மணல் நிரப்பினார்கள். ஊற்றிலிருந்து கன்று வரைக்கும் பெண்கள் வரிசை கட்டி நின்று குடம் மாற்றினார்கள். வலை இழுக்கிற பாட்டை யாரோ எடுத்தார்கள், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். தாமஸ் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, "இன்னும் ஊத்து! அடியில எறங்கட்டும்! இன்னும்!" என்று வரிசைக்கு வரிசை தாவினார். குணசுந்தரி தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினாள். மணலில் உட்கார்ந்து அழுதவள் அவள்தானா என்று இருந்தது.

அடுத்தடுத்த நாளும் ஊற்றினார்கள். சில கன்றுகள் போயின. உப்பங்கழி ஓரத்தில் இருந்தவை அடியோடு போயின. ஆனால் பெரும்பாலானவற்றில், கருகின இலைக்கு நடுவே, ஐப்பசி மழையில் புதுக் குருத்து ஒன்று பளிச்சென்று மேலே வந்தது. அதைப் பார்க்கிற சாக்கில் புஷ்பவல்லி தினமும் வந்து போனாள்.

அதற்குப் பிறகு தாமஸ் சொல்லச் சொல்லச் செய்தாள் குணசுந்தரி. மணல் எதையும் பிடித்துவைக்காது, போட்டதெல்லாம் மழையோடு கீழே ஓடிவிடும் என்றார் அவர். அதனால் ஏரி வண்டலை வண்டியில் கொண்டுவந்து மணலில் கலந்தார்கள். மழைக்குப் பசுந்தாள் உரமாகச் சணப்பு விதைத்து, பூக்கிறபோது பிடுங்கி அங்கேயே மடக்கிப் புதைத்தார்கள். மீன் குடலைப் பச்சையாகப் போடக்கூடாது, வண்டு வரும். தனிக்குழியில் சாம்பலோடு சேர்த்து மட்கவைத்து, நாற்றம் போன பிறகுதான் போடணும். சீமை உரம் முதல் வருஷம் ஒரு சின்னக் கைப்பிடி, அதையும் பிரித்துப் பிரித்து. வருஷம் ஏற ஏற அளவை ஏற்றலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், தண்டில் படவே கூடாது.

அந்தக் கடைசி விஷயத்தைக் கருணாகரன் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். ஒரு வலைக்கயிற்றைத் தண்டில் தளர்வாகக் கட்டி, மறுமுனையில் குச்சியைக் கட்டிச் சுற்றி நடப்பான். மணலில் வட்டம் விழும். அந்த வட்டத்தில் வாய்க்கால் மாதிரி கீறி, உரத்தைத் தூவி, மூடி, தண்ணீர் விடுவார்கள். கன்று பெரிதாகப் பெரிதாகக் கயிற்றையும் நீட்டிவிடுவான். அவனுக்கு இந்த வேலை எப்படியோ பிடித்துப்போயிற்று. கடலிலிருந்து வந்ததும் வலையை உதறுவதற்கு முன்னால் தென்னையைப் பார்க்கப் போனான். "எலை கொஞ்சம் மஞ்சளாத் தெரியுதுமே. அந்தச் செவப்பு உரம் போடணும்" என்று அவனாகவே சொன்னான். பொட்டாஷைத்தான் அவன் சிவப்பு உரம் என்பான். குணசுந்தரிக்கு ஒரே ஆச்சரியம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை.

எழுபத்திரண்டாம் வருஷம் மாசி மாதம். ஸ்டேஷன் எதிரே வியாபாரம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. குணசுந்தரிக்குப் பக்கத்தில் வெற்றிலைக்கடை போட்டிருந்த டோரதி திடீரென்று அவள் தோளைத் தட்டினாள்.

"ஏய் குணா, அது உம் புருசன் தானே?"

கருணாகரன்தான். சட்டைகூட இல்லை. கடல் உப்பு முதுகில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. மீன் விற்கிற இடத்துக்கு இத்தனை வருஷத்தில் ஒருநாளும் வராத மனுஷன், பஸ்ஸுக்கும் ஜட்காவுக்கும் நடுவே புகுந்து ஓடிவந்துகொண்டிருந்தான். கடலில் யாருக்கோ என்னவோ.

"இன்னாய்யா? யாருக்கு இன்னா ஆச்சு?"

அவனுக்கு மூச்சு வாங்கியது. இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்து, மெல்ல விரித்துக் காட்டினான்.

"பாளை," என்றான். "பாளை வெடிச்சுகினு கீதுமே!"

குணசுந்தரி போட்ட கூச்சலில் ஜட்கா குதிரை மிரண்டது. கையிலிருந்த வஞ்சிரத்தை வாடிக்கைக்காரர் மடியிலேயே போட்டுவிட்டு எழுந்தாள். "டோரதி, கூடையப் பாத்துக்க!" என்றவள், அடுத்து எதிரே கூட்ஸ் ஷெட் பக்கம் திரும்பிக் கத்தினாள். "யேசுதாஸ் சார்! பூத்துடுச்சு சார்! ஏலத்துத் தேங்கா பூத்துடுச்சு!"

ரயிலில் உட்காரக்கூட இல்லை. வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கருணாகரன் அவளுக்குப் பின்னால். கத்திவாக்கம் வருவதற்குள் பெட்டியில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. முகம் தெரியாத ஒரு கிழவர் எழுந்து, "நல்லா காய்க்கட்டும் தாயி" என்றார்.

ஸ்டேஷனிலிருந்து குப்பத்துக்கு இரண்டு பேரும் ஓடினார்கள். வரிசையில் மூன்றாவது மரம். அவள் தலை உயரத்துக்குத் தண்டுகூட இல்லை, மட்டைகள்தான் விரிந்திருந்தன. அவற்றின் இடுக்கில் பாளை நீளவாக்கில் வெடித்து, உள்ளிருந்து பூங்கொத்து இளமஞ்சளாகப் பொங்கி வழிந்தது. தேனீக்கள் அதற்குள் வந்துவிட்டிருந்தன. குணசுந்தரி தொடப் போனாள், கையை இழுத்துக்கொண்டாள், மறுபடி தொடப் போனாள். புஷ்பவல்லி எங்கிருந்தோ கற்பூரம் கொண்டுவந்தாள். குப்பமே வந்து நின்று பார்த்தது.

அந்தக் குலையில் ஒன்றும் தங்கவில்லை. சுண்டுவிரல் பருமனுக்கு வந்த குரும்பையெல்லாம் ஒவ்வொன்றாக மணலில் உதிர்ந்தது. ஒவ்வொன்றையும் அவள் பொறுக்கி முந்தானையில் முடிந்துவைத்தாள். தாமஸ் பார்த்துவிட்டு, "மொதக் குலை இப்படித்தான் போவும். பேஜாராவாத. கோடையில தண்ணிய நிறுத்தாத, செவப்பு உரத்த வேளைக்குப் போடு" என்றார். அவளுக்கோ இருந்த மூட்டையை அன்றைக்கே கொட்டிவிட வேண்டும் என்று கை அரித்தது. தேடிப் பார்த்தால் மூட்டையைக் காணோம். கருணாகரன் அதைப் பழைய வலைக்கடியில் ஒளித்துவைத்திருந்தான்.

"எங்கய்யா வெச்ச?"

"ஆனி மாசம் வரட்டும். தரேன்."

எவ்வளவு சண்டை போட்டும் அவன் வாயைத் திறக்கவில்லை. அவள் அவனோடு ஏலத்தில் தோற்றது அந்த ஒரு தடவைதான்.

இரண்டாவது குலை நின்றது. மூன்றாவதும் நின்றது. அடுத்த வருஷம் பங்குனியில் மற்ற மரங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாளை விட்டன. காய்கள் பச்சை இல்லை. ஆரஞ்சுப் பழத்தின் நிறம். அந்த நிறத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கு வியாதி" என்று குப்பத்தில் சிலர் சொன்னார்கள். குணசுந்தரி ஒரு விடியற்காலையில் அரிவாளோடு போய், தரையில் நின்றபடியே கையை நீட்டி முதல் குலையை அறுத்தாள். கடலிலிருந்து கட்டுமரங்கள் கரை ஏறுகிற நேரம். வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று சீவிக் கொடுத்தாள். உப்புக்காற்றில் வாய் காய்ந்து வந்தவர்கள் அண்ணாந்து குடித்தார்கள். தித்திப்பு. யாரும் அப்புறம் வியாதி என்று சொல்லவில்லை. நெற்றுக் கேட்டுத்தான் வந்தார்கள்.

மரத்திலேயே முற்றவிட்ட காய்களை அவள் வீட்டுக்குப் பின்னால் மணலில் பதித்து வைத்தாள். முளைத்ததும் குப்பத்தில் கேட்டவர்களுக்குக் கொடுத்தாள். கொடுத்ததோடு விடவில்லை. போகிற வழியில் யார் வீட்டுக் கன்று வாடித் தெரிந்தாலும் நின்று, அடிமணலைக் கிளறிப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரியை வெளியே கூப்பிட்டுச் சத்தம் போடுவாள். கத்திவாக்கத்தில், திருவொற்றியூரில், ராயபுரத்தில் கோயில் தெருவில் கூட அவள் கன்றுகள் போய்ச் சேர்ந்தன. காலையில் மீன் கூடையில் நாலைந்து கன்று நிற்க வைத்து ரயிலேறுவாள்.

ஒருநாள் டிக்கெட் பரிசோதகர் அருள்நாதன் அந்தக் கூடையைப் பிடித்துக்கொண்டார். மீனுக்குத்தான் பாஸ், செடிக்கு இல்லை என்றார்.

"இதுவும் மீனைத் துன்னு வளந்ததுதான் சார்!" என்றாள் குணசுந்தரி. பெட்டி சிரித்தது.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு கன்றை வெளியே எடுத்துப் பார்த்தார். "எவ்ளோ உயரம் போகும்?"

அவள் எழுந்து நின்று தன் உச்சந்தலையில் கையை வைத்துக் காட்டினாள். எப்போது நட வேண்டும், குழி எவ்வளவு ஆழம், எந்த மாதத்தில் எந்த உரம், எவ்வளவு என்று அவர் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். கேள்வி தீருவதற்குள் கொருக்குப்பேட்டை தாண்டிவிட்டது. அந்தப் பெட்டியில் அன்றைக்கு யாரிடமும் டிக்கெட் கேட்கவில்லை. அருள்நாதன் ராயபுரத்தில் இறங்கியபோது அவருடைய கறுப்புக் கோட்டின் மேல் மணல் ஒட்டியிருந்தது. கன்றை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்தபடி அவர் பிளாட்பாரத்தில் நடந்து போனார்.